வடிவத்தை உடைத்தால் மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போகுமா? ஆக்சுவேட்டர் கருவி குறித்த நிகழ்வு ஆய்வு

செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா பாடப்புத்தகப் படத்தில் ஒரு நீள்வட்டப் பை. உயிருள்ள செல்லில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அப்படி அடங்கி உட்கார்ந்திருப்பதில்லை. இழை இழையாக ஓடும், கிளைக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், நடுவில் அறுந்து இரண்டாகும், மறுபடி சேரும். செல் நலமாக இருக்கும்வரை இந்த ஒட்டலும் அறுதலும் ஒரு சமநிலையில் நடக்கும். செல்லுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் வலை முழுவதும் துண்டு துண்டாகிவிடும்.

பார்க்கின்சன் நோய், அல்சைமர் நோய், நீரிழிவு, ரத்தம் தடைபட்ட இதயத் தசை என்று எந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினாலும் துண்டான மைட்டோகாண்ட்ரியாவின் படம் ஒன்று கண்ணில் படும். அதே செல்களில், செல்லின் எரிபொருளான ஏடிபியின் உற்பத்தி குறைந்திருக்கும், உட்சவ்வின் மின்னழுத்தம் சரிந்திருக்கும். துண்டானதால் வேலை கெட்டதா? வேலை கெட்டதால் துண்டானதா? இரண்டுக்கும் பின்னால் வேறொரு காரணம் நின்றுகொண்டிருக்கிறதா? பல பத்தாண்டுகளாக ஒளிரும் படங்களைச் சேர்த்தும் இதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை. சேர்ந்து நடப்பதைக் காட்டும் படங்கள் எத்தனை இருந்தாலும் எது எதற்குக் காரணம் என்று அவை சொல்லாது.

2023இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தகனாரி இனோவேயின் ஆய்வுக்குழு, ஹிதெகி நகமுராவை முதல் ஆசிரியராகக் கொண்டு, ஆக்சுவேட்டர் என்ற கருவியை வெளியிட்டது. செல்லுக்குள் நாம் சொல்லும் இடத்தில், நாம் சொல்லும் நேரத்தில் ஆக்டின் என்ற சட்டகப் புரதத்தின் இழைகளை முளைக்கவைத்து, அந்த இழைகளின் தள்ளுவிசையால் மைட்டோகாண்ட்ரியா போன்ற நுண்ணுறுப்புகளை நசுக்கி, நகர்த்தி, உடைக்கும் புரதக் கருவி அது. பார்க்கவே வியப்பூட்டும் கருவிதான். ஆனால் அது தந்த விடைதான் என்னை இதை எழுதவைத்தது. அந்த விடை பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வந்தது. அந்த "இல்லை"யையும் அதோடு ஒட்டி வந்த ஒரு சின்ன "ஆம்"ஐயும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதே என் வாதம். ஏன் என்று சொல்ல, கருவி வேலை செய்யும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய வழிகளில் என்ன சிக்கல்

மைட்டோகாண்ட்ரியாவின் வடிவத்தை மாற்ற மரபணு வழி நெடுங்காலமாக இருக்கிறது. வெளிச்சவ்வைச் சுற்றி வளையமாக இறுக்கி அறுக்கும் புரதம் டிஆர்பி1. அதை நீக்கினால் இழைகள் நீண்டுகொண்டே போகும். வெளிச்சவ்வுகளை ஒட்டவைக்கும் மைட்டோஃபியூசின்களை நீக்கினாலோ, உட்சவ்வுகளை ஒட்டவைக்கும் ஓபிஏ1ஐ நீக்கினாலோ துண்டுகள்தான் மிஞ்சும்.

ஆனால் இந்தப் புரதங்கள் எதற்கும் ஒரே வேலை மட்டும் கிடையாது. டிஆர்பி1 பெராக்ஸிசோம் என்ற வேறு நுண்ணுறுப்புகளையும் அறுக்கிறது. ஓபிஏ1 உட்சவ்வின் மடிப்புகளைக் கட்டிக்காக்கிறது. ஏடிபி உற்பத்திக்கு வேண்டிய சுவாசச் சங்கிலியின் புரதங்கள் அந்த மடிப்புகளில்தான் இருக்கின்றன. ஓபிஏ1ஐ நீக்கியபின் சுவாசம் குறைந்தால், வலை துண்டானதால் குறைந்ததா, மடிப்பு குலைந்ததால் குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? தவிர, மரபணுவை நீக்கிவிட்டு செல் வளர நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் செல் தன்னைத் தகவமைத்துக்கொண்டுவிடும். நாம் அளப்பது மாற்றத்தின் விளைவையா, தகவமைப்பின் விளைவையா என்பது குழம்பிவிடும்.

வேதிப்பொருள்கள் இன்னும் மோசம். சிசிசிபி என்ற பொருளைச் சேர்த்தால் மைட்டோகாண்ட்ரியா சில நிமிடங்களில் உருண்டைகளாகிவிடும். ஆனால் அது முதலில் செய்வதே உட்சவ்வின் இரு பக்கமும் உள்ள புரோட்டான் செறிவு வேறுபாட்டை அழிப்பதுதான். மின்னழுத்தம் போனதும் ஓஎம்ஏ1 என்ற நொதி விழித்து ஓபிஏ1ஐ வெட்டுகிறது. அதனால் இணைவு நின்று வலை துண்டாகிறது. வேலை கெட்டுத்தான் வடிவம் கெடுகிறது. நம் கேள்வியைத் தலைகீழாகக் கேட்பதற்கு மட்டுமே இது உதவும்.

மற்ற நுண்ணுறுப்புகளுக்கும் இதே கதை. கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமை உடைக்க எல்எல்ஓஎம்ஈ என்ற பொருள் இருக்கிறது. அது உள்ளே போய்ச் சவ்வைக் கிழித்து நொதிகளைக் கசியவிடும். புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கை உடலத்தைக் கலைக்க நோகோடசோல் இருக்கிறது; அது செல்லின் சட்டகமான நுண்குழல்கள் அத்தனையையும் கரைத்துவிடும். பச்சை ஒளி பட்டால் ஆக்சிஜன் நச்சுகளைச் சுரக்கும் கில்லர்ரெட் புரதம் 2006இல் வந்தது. நீல ஒளியில் அதே வேலையைச் செய்யும் மினிசாக் 2011இல் வந்தது. ஒரு நுண்ணுறுப்பை அழித்தால் செல் என்ன செய்கிறது என்று கேட்க இவை நல்ல கருவிகள். வடிவத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவைக் கேட்க இவற்றால் ஆகாது, ஏனென்றால் தொட்டவுடனே வேதியியலையும் மாற்றிவிடுகின்றன.

விசையால் மட்டும் உடைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழியை ஒரு பாக்டீரியா ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தது.

லிஸ்டீரியாவிடம் கடன் வாங்கிய எஞ்சின்

லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் மாசுபட்ட உணவு வழியாக நம் உடலில் நுழையும் கிருமி. செல்லுக்குள் புகுந்ததும் அது நீந்துவதில்லை. தன் முதுகுக்குப் பின்னால் நம் செல்லின் சொந்த ஆக்டினைக் கொண்டே இழைகளைக் கட்டவைத்து, அந்த இழைகள் தள்ளத் தள்ள முன்னேறிப் போகும். பின்னால் வால்நட்சத்திரம் போல ஆக்டின் வால் நீளும். இதை 1989இல் டில்னியும் போர்ட்னாயும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். இந்த வாலுக்குப் பொறுப்பான பாக்டீரியப் புரதம் ஆக்ட்-ஏ என்று 1992இல் தெரிந்தது. 639 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் அது. அதன் முன்பாதி, ஆக்டின் இழைகளை முளைக்கவைக்கும் செல்லின் ஆர்ப்2/3 கூட்டுப்புரதத்தைப் பிடித்து எழுப்புகிறது. நடுவில் இருக்கும் புரோலின் மிகுந்த பகுதி, இழை நீள்வதைத் துரிதப்படுத்தும் வாஸ்ப் புரதத்தை அழைக்கிறது. வால் பகுதி சவ்வில் ஊன்றிக்கொள்கிறது.

1999இல் பிரான்ஸில் மரி-ஃப்ரான்ஸ் கார்லியேவின் குழு சில தூய புரதங்களை மட்டும் ஒரு துளியில் கலந்து லிஸ்டீரியாவை ஓடவைத்துக் காட்டியது. ஆக்டின், ஆர்ப்2/3, பழைய இழைகளைக் கலைக்கும் கோஃபிலின், இழை முனையை மூடும் ஒரு புரதம், எரிபொருளாக ஏடிபி. மயோசின் போன்ற இயக்கிப் புரதம் எதுவும் அதில் இல்லை. இழை வளர்வதே விசை.

இழை வளர்வது எப்படி விசையாகும் என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். ஆக்டின் இழையின் முனை ஒரு சவ்வை முட்டிக்கொண்டு நிற்கிறது. இடையே புது மூலக்கூறு நுழைய இடமில்லை. ஆனால் செல்லுக்குள் எதுவும் அசையாமல் இருப்பதில்லை. வெப்ப அசைவால் சவ்வும் இழை நுனியும் ஓயாமல் நடுங்குகின்றன. அந்த நடுக்கத்தில் ஒரு கணம் 2.7 நானோமீட்டர் இடைவெளி கிடைத்தால் ஒரு ஆக்டின் மூலக்கூறு அதில் நுழைந்து அமர்ந்துவிடும். காற்றில் ஆடும் கதவின் இடுக்கில், அது விலகும் ஒவ்வொரு முறையும் ஒரு ஆப்பு விழுந்துவிட்டால் கதவு திரும்ப மூட முடியாது அல்லவா, அதுபோலத்தான். 1993இல் பெஸ்கின், ஓடெல், ஓஸ்டர் மூவரும் இதற்குக் கணக்கு போட்டுக் காட்டினார்கள்.

வெப்ப ஆற்றலின் அலகு அறை வெப்பத்தில் சுமார் 4.1 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர். அதை 2.7ஆல் வகுத்தால் 1.5 பிக்கோநியூட்டன். இழையில் சேராமல் மிதக்கும் ஆக்டினின் செறிவு, இழை வளரத் தேவையான குறைந்தபட்சச் செறிவைப்போல் 10 மடங்கு இருந்தால் 10இன் இயல் மடக்கையான 2.3ஆல் பெருக்க வேண்டும். ஓர் இழை தள்ளக்கூடிய உச்சம் 3.5 பிக்கோநியூட்டன் அளவுக்கு வருகிறது. ஓர் இழைக்கு அது சொற்பம்தான். ஆனால் ஆர்ப்2/3 ஏற்கெனவே உள்ள இழையின் பக்கவாட்டில் கிளை கிளையாகப் புது இழைகளை முளைக்கவைக்கும். நூற்றுக்கணக்கில் அவை சேர்ந்து தள்ளும்போது ஒரு பாக்டீரியாவே ஓடுகிறது என்றால், மெல்லிய மைட்டோகாண்ட்ரிய இழை எம்மாத்திரம்.

இங்கே ஒரு வரலாற்றுத் துணுக்கு. 1994இலேயே ஜெர்மனியில் ஒரு குழு ஆக்ட்-ஏ மரபணுவைப் பாலூட்டிச் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தது. அந்தப் புரதம் போய் ஒட்டியது மைட்டோகாண்ட்ரியாவின் மேல். அதைச் சுற்றி ஆக்டின் திரண்டது. ஆக்ட்-ஏயின் வாலுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு மிகவும் பிடித்துப்போயிற்று என்பது அப்போது தெரிந்தது. பிற்காலத்தில் அந்த வாலை வெட்டியெடுத்து, எந்தப் புரதத்தையும் மைட்டோகாண்ட்ரியாவில் கொண்டுபோய் ஊன்றுவதற்கான துண்டாகவே பலர் பயன்படுத்தினார்கள். ஆக, ஆக்டினால் மைட்டோகாண்ட்ரியாவைச் சூழ முடியும் என்பது 2023க்கு முன்பே தெரிந்த விஷயம். இல்லாதது ஸ்விட்ச். ஆக்ட்-ஏ எப்போதும் இயங்கிக்கொண்டே இருந்தால், செல் வளரும் நேரம் முழுவதும் மைட்டோகாண்ட்ரியா தள்ளுமுள்ளில் கிடக்கும். "முன்", "பின்" என்ற ஒப்பீடே இருக்காது.

ஸ்விட்ச்

அந்த ஸ்விட்ச் ராபமைசின் என்ற மருந்து. அது ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தாகப் பயன்படுகிறது. மூலக்கூறு உயிரியலாளர்களுக்கு அது வேறொரு காரணத்துக்காகப் பிரியமானது. அதன் ஒரு முகம் எஃப்கேபிபி என்ற சிறு புரதத்தைப் பிடிக்கும். மறுமுகம், செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டார் புரதத்தின் எஃப்ஆர்பி என்ற பகுதியைப் பிடிக்கும். ராபமைசின் இல்லாதபோது இந்த இரண்டும் ஒன்றையொன்று சீண்டுவதில்லை. சேர்த்ததும் கோத்துக்கொள்ளும். இரண்டுமே சின்னப் புரதங்கள், நூறு அமினோ அமிலங்களை ஒட்டிய அளவு; எதோடு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆக்சுவேட்டரின் கட்டமைப்பு இப்போது எளிதாகப் புரியும். ஒரு பாதியை நுண்ணுறுப்பின் சவ்வில் ஊன்றும் துண்டோடு இணைக்கிறார்கள்; இதுதான் நங்கூரம். மறுபாதியை, சவ்வில் தானாக ஊன்றாதபடி வடிவமைத்த ஆக்ட்-ஏ பகுதியோடு இணைக்கிறார்கள். ஆக்ட்-ஏ சைட்டோபிளாசத்தில் பரவலாக மிதந்துகொண்டிருக்கும். ராபமைசினைச் சேர்த்ததும் அது நங்கூரத்தைத் தேடி ஓடி வந்து நுண்ணுறுப்பின் மேல் குவியும். குவிந்த இடத்தில் ஆர்ப்2/3 எழும், இழைகள் முளைக்கும், தள்ளத் தொடங்கும். நங்கூரத்தை மாற்றினால் இலக்கு மாறும். கருவியின் பலம் இந்தப் பிரித்துமாட்டும் தன்மையில் இருக்கிறது.

இத்தகைய சோதனையில் படத்தை எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன். மூன்று நிறங்கள் இருக்கும்: நங்கூரம், ஆக்ட்-ஏ, மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதி. மருந்துக்கு முன் ஆக்ட்-ஏயின் நிறம் செல் முழுக்கப் புகைபோல் பரவி, மைட்டோகாண்ட்ரியா இருக்கும் இடங்கள் அதில் கருத்த கோடுகளாகத் தெரியும். மருந்துக்குப் பின் அந்தக் கருத்த கோடுகள் தலைகீழாக மாறும்: புகை வடிந்து, கோடுகளே ஒளிரும். இதுவரை நடந்தது இடமாற்றம் மட்டுமே, இன்னும் விசை இல்லை. அடுத்துக் கோடுகளின் ஓரம் நேராக இல்லாமல் நெளியத் தொடங்கும். சில இடங்களில் இழை வளைந்து கொக்கியாகும், சில இடங்களில் இழுபட்டு மெலிந்து அறும். ஆக்ட்-ஏ வந்து சேர்ந்த நேரத்துக்கும் வடிவம் குலையத் தொடங்கிய நேரத்துக்கும் நடுவில் உள்ள இந்தச் சிறு இடைவெளியைக் கவனிக்காமல் விடக் கூடாது. நங்கூரத்தில் ஏதோ ஒரு புரதம் வந்து ஒட்டியதால் மட்டும் வடிவம் குலையவில்லை, இழை முளைத்த பிறகே குலைந்தது என்பதற்கான முதல் சாட்சி அங்கேதான் இருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவோடு ஆய்வு நிற்கவில்லை. கோல்கை உடலமும் உட்கருவும்கூட இந்த விசைக்கு உருக்குலைந்தன, நகர்ந்தன. சவ்வே இல்லாத ஸ்ட்ரெஸ் கிரானுல்களும் கலைந்தன. செல்லுக்கு நெருக்கடி வரும்போது ஆர்என்ஏவும் புரதங்களும் திரண்டு உருவாகும் துகள்கள் அவை. இதே குழு 2018இல் புரதங்களைப் பல கைகளால் கோத்துச் செல்லுக்குள் செயற்கையாக இத்தகைய துகள்களைக் கட்டிக் காட்டியிருந்தது. கட்டத் தெரிந்தவர்கள் ஐந்தாண்டுகளில் கலைக்கவும் வழி கண்டார்கள்.

விடை

மைட்டோகாண்ட்ரியா விசையால் துண்டானபின் அதன் செயல்பாடுகளை அளந்தார்கள். சோதித்தவற்றில் எதுவும் மாறவில்லை. ஒன்றே ஒன்று: துண்டான மைட்டோகாண்ட்ரியா, செல்லின் கழிவழிப்பு வழியாகச் சிதைக்கப்படும் வாய்ப்பு சற்றுக் கூடியிருந்தது.

அந்தச் "சற்று" என்ற சொல்லைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். முதலில் மாறாததைப் பேசுவோம்.

ஒரு சோதனையில் மாற்றம் தெரியவில்லை என்றால் வழக்கமாக எழும் சந்தேகம், கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்பது. இங்கே அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. வடிவம் குலைந்தது கண்ணெதிரே தெரிகிறது. அடுத்த சந்தேகம் பக்கவிளைவுகள் பற்றியது. இந்தக் கருவிக்குப் பக்கவிளைவுகள் இருக்கக்கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ராபமைசின் எம்டாரைத் தடுக்கிறது. புரத உற்பத்தியும் செல்லின் வளர்ச்சியும் அதனால் மாறும். வெளிச்சவ்வை ஆக்டின் மூடினால் உள்ளே போக வேண்டிய புரதங்களுக்கு வழி குறுகலாம். செல்லின் ஆர்ப்2/3உம் ஆக்டினும் அளவுக்குட்பட்டவை. மைட்டோகாண்ட்ரியாவின் மேல் அவற்றைக் குவித்தால் செல்லின் விளிம்பில் பற்றாக்குறை வரும். நங்கூரப் புரதமே மிகையாக உற்பத்தியானால் அதுவும் ஒரு பாரம்.

இந்தப் பக்கவிளைவுகள் எல்லாம் எந்தத் திசையில் இழுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக எல்லாமே மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைக் கெடுக்கும் திசையில்தான். இத்தனையும் சேர்ந்து அழுத்தியும் வேலை கெடவில்லை என்றால், துண்டாவது மட்டும் தனியாக நடந்தால் கெடாது என்று நம்ப இன்னும் வலுவான காரணம் கிடைக்கிறது. கருவியின் குறைகள் இந்த முடிவைப் பலவீனப்படுத்தவில்லை, தாங்கிப்பிடிக்கின்றன. துண்டான மைட்டோகாண்ட்ரியாவைக் கண்டதும் "பழுதான மைட்டோகாண்ட்ரியா" என்று எழுதிவிடும் பழக்கம் நம் துறையில் வேரூன்றிக் கிடக்கிறது. படத்தைப் பார்த்து வேலையை ஊகிக்கும் அந்தப் பழக்கத்தை இனியாவது கைவிட வேண்டும். வேலையை அறிய வேலையைத்தான் அளக்க வேண்டும்.

இந்த "இல்லை"க்கும் எல்லைகள் உண்டு. காலம் முதல் எல்லை. மைட்டோகாண்ட்ரியா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதன் பெரிய பயன் உள்ளடக்கத்தைப் பகிர்வது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 16,569 கார இணைகள் கொண்ட சிறு வளையம். 13 புரதங்களுக்கான மரபணுக்கள் அதில் இருக்கின்றன. ஒரு வளையத்தில் பிழை வந்தால் பக்கத்துத் துண்டோடு கலந்து ஈடுகட்டிக்கொள்ள இணைவு உதவுகிறது. இணைவு நின்றுபோனதன் இழப்பு தெரிய நாள்களும் வாரங்களும் ஆகும். குறுகிய நேரச் சோதனையில் அது தலைகாட்டாது. நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானில் மைட்டோகாண்ட்ரியா பயணம் போக வேண்டும்; அங்கே நீளமும் அளவும் போக்குவரத்தையே தீர்மானிக்கும். தட்டையாகப் பரவி வளரும் வளர்ப்புச் செல்லில் கிடைத்த முடிவை அங்கே அப்படியே கொண்டுபோக நான் துணிய மாட்டேன்.

இன்னொரு எல்லை, "விசை மட்டும்" என்று நாம் நினைப்பது எவ்வளவு தூரம் உண்மை என்பது. 2017இல் சுவிட்சர்லாந்தில் பெனுவா கார்ன்மன் குழுவினர் செல்லுக்குள் ஆக்டின் வாலோடு ஓடும் ஷிகெல்லா பாக்டீரியாவைக் கவனித்தார்கள். அது போகிற போக்கில் மைட்டோகாண்ட்ரியாவை முட்டிய இடங்களில் மைட்டோகாண்ட்ரியா அறுந்தது. வெறும் இயந்திர அறுப்பாக அது இருக்கவில்லை. டிஆர்பி1ஐ வரவேற்கும் எம்எஃப்எஃப் புரதம் நெரிபட்ட இடத்தில் குவிந்தது. அதாவது விசையை உணர்ந்து, தன் சொந்த அறுப்பு இயந்திரத்தையே செல் அங்கே அனுப்புகிறது. இயல்பான அறுப்பிலும் செல்லின் இன்னொரு சவ்வு அமைப்பான எண்டோபிளாச வலை முதலில் மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி இறுக்குகிறது, ஆக்டின் துணைக்கு வருகிறது, அதன் பிறகே டிஆர்பி1 வளையமிடுகிறது. எனவே ஆக்சுவேட்டர் உடைத்த துண்டுகளில் எத்தனை நேரடி விசையால் கிழிந்தவை, எத்தனை விசையைக் கண்டு செல்லே அறுத்தவை என்ற கேள்வியை டிஆர்பி1 இல்லாத செல்களில் வைத்துத்தான் கேட்க வேண்டும். முதல் வகை என்றால் சவ்வு கிழிந்தும் உட்சவ்வின் மின்னழுத்தம் தப்பியது எப்படி என்று யோசிக்க வேண்டிவரும். கிழிந்த முனைகள் கசியாமல் மூடிக்கொண்டால் மட்டுமே அது சாத்தியம்.

அந்தச் சின்ன "ஆம்"

இப்போது சிதைவுக்கு வருகிறேன். துண்டான மைட்டோகாண்ட்ரியா எளிதாகச் சிதைக்கப்படும் என்பது முந்தைய கண்டுபிடிப்புகளோடு ஒத்துப்போகிறது. 2011இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒன்றைக் காட்டின: செல்லைப் பட்டினி போட்டால் மைட்டோகாண்ட்ரியா நீண்டு ஒன்றுசேர்கிறது, அப்படி நீண்டவை, செல் தன் பகுதிகளையே பையில் அடைத்துச் செரிக்கும் ஆட்டோஃபேஜியிலிருந்து தப்பிக்கின்றன. ஆட்டோஃபேஜிப் பை அளவில் சிறியது, ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய விட்டம். பல மைக்ரோமீட்டர் நீளமுள்ள இழை அதில் அடங்காது, துண்டு அடங்கும். இப்படி வெறும் அளவை வைத்தே விளக்கிவிடலாம். கேட்பதற்குத் தெளிவாகவும் இருக்கிறது.

ஆனால் முன்பு நமக்கு உதவிய அதே பக்கவிளைவுகள் இங்கே சந்தேகத்துக்குரியவை ஆகிவிடுகின்றன. வேலை கெடவில்லை என்ற முடிவுக்கு அவை எதிர்த்திசையில் இழுத்தன; சிதைவு கூடியது என்ற முடிவுக்கு அதே திசையில் இழுக்கின்றன. எம்டாரைத் தடுத்தால் ஆட்டோஃபேஜி கூடும் என்பது ராபமைசினைப் பற்றி எல்லோரும் அறிந்த முதல் செய்தி. ஆகவே ராபமைசின் இரு தரப்புக்கும் ஒரே அளவில் போய், ஆக்ட்-ஏ இருப்பதும் இல்லாததும் மட்டுமே வேறுபாடாக இருக்கும் ஒப்பீடு இல்லாமல் இந்த வகைச் சோதனையில் எந்த எண்ணையும் ஏற்கக் கூடாது. இன்னும் ஒரு படி மேலே போகவும் வழி இருக்கிறது: எஃப்ஆர்பியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால், எம்டாரை அவ்வளவாகத் தொடாத ராபமைசின் மாற்றுருவை ஸ்விட்சாக வைத்துக்கொள்ளலாம். எம்டாரோடு சம்பந்தமே இல்லாத ஜிப்பெரெல்லின் ஸ்விட்ச் ஒன்றும் 2012 முதல் இருக்கிறது, அதுவும் இனோவே குழுவின் கைவண்ணம்.

ராபமைசினை இப்படி ஒதுக்கிவிட்டாலும் ஆக்டின் மிஞ்சும். 2018இல் இன்னொரு கண்டுபிடிப்பு வந்தது: பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி செல்லே ஆக்டின் கூண்டு ஒன்றைக் கட்டி, அது மறுபடி வலையோடு இணையாதபடி ஒதுக்குகிறது, மயோசின் 6 இதற்கு உதவுகிறது. அப்படியானால் ஆக்டினால் சூழப்படுவதே செல்லின் கண்ணுக்கு "இதை அப்புறப்படுத்து" என்ற குறியாக இருக்கலாம். ஆக்சுவேட்டர் செய்வது இரண்டையும்தான்: உடைக்கவும் செய்கிறது, ஆக்டினால் சூழவும் செய்கிறது. சிதைவு கூடியது முன்னதாலா பின்னதாலா?

ஒளியால் இயங்கும் ஸ்விட்ச் இதற்கு உதவும் என்று உடனே தோன்றும். ஓட்ஸ் செடியின் ஒளியுணர்வுப் புரதத்திலிருந்து செய்த ஐலிட் இணை நீல ஒளியில் கோத்துக்கொண்டு, இருட்டில் சீக்கிரமே பிரிந்துவிடும். நீல ஒளியில் உடைத்துவிட்டு, விளக்கை அணைத்து, ஆக்டின் கலைந்தபின் சிதைவை அளக்கலாம். ராபமைசின் இணை அப்படி எளிதில் பிரியாது. ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் சிதைவை அளக்கப் பெரிதும் பயன்படும் எம்டி-கெய்மா புரதத்தை 440 நானோமீட்டரிலும் 586 நானோமீட்டரிலும் மாறி மாறிக் கிளர்த்தி, எந்த ஒளிக்கு அதிகம் ஒளிர்கிறது என்பதை வைத்து அது லைசோசோமின் அமிலத்துக்குள் போய்விட்டதா என்று அறிகிறோம். 440 நானோமீட்டர் என்பது நீல ஒளி. ஒவ்வொரு முறை படமெடுக்கும்போதும் நாமே ஸ்விட்சைப் போட்டுவிடுவோம். அணைத்துவிட்டதாக நினைத்த ஆக்டின் படத்துக்குப் படம் மறுபடி முளைக்கும். தவிர, இருட்டில் விட்ட துண்டுகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளவும் தொடங்கிவிடும்.

எனக்குத் தோன்றும் நேரான வழி வேறு. ஆக்சுவேட்டர் ஒரே செல்லுக்குள்ளும் எல்லா மைட்டோகாண்ட்ரியாவையும் ஒரே சீராக உடைப்பதாகக் கொள்ள முடியாது. ஆக்டின் சூழ்ந்தும் அறாமல் நீளமாகத் தப்பிய இழைகள் துண்டுகளுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். அந்தச் செல்லில் ராபமைசின் எல்லாவற்றுக்கும் பொது, ஆக்டின் பற்றாக்குறை பொது, நங்கூரத்தின் பாரம் பொது. அங்கே ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவையும் தனித்தனியே பின்தொடர்ந்து, அதன் நீளத்தையும் அதன்மேல் உள்ள ஆக்டின் அளவையும் குறித்துக்கொண்டு, எது லைசோசோமுக்குள் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே அளவு ஆக்டின் உள்ளவற்றில் நீளமானவை தப்பித்துக் குட்டையானவை போனால், அளவுதான் காரணம். நீளம் எப்படியிருந்தாலும் ஆக்டின் மிகுந்தவையே போனால், கூண்டுதான் காரணம். கூடவே, புது இழையை முளைக்கவைக்காமல், ஏற்கெனவே இருக்கிற ஆக்டின் இழைகளை மட்டும் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தை அதே நங்கூரத்தில் கொண்டுவந்து சேர்த்தால், உடைக்காமல் சூழ்வதன் விளைவு தனியே தெரியும். இழைகளைத் தனித்தனியே பின்தொடர்வது உழைப்பைக் கேட்கும் வேலை. அடர்ந்த பகுதிகளில் எது எங்கே போயிற்று என்று தடம் தவறும். செல்லின் ஓரத்தில் இழைகள் விலகி விலகி ஓடும் தட்டையான பகுதியில் தொடங்கினால் இது கைகூடும்.